சீக்கிரம் என்றால் எப்போது?

ரிஷிவந்தியம் போயிருக்கிறீர்களா? "தேர்தல் சமயத்தில் பேப்பரில் பார்த்த பெயராயிற்றே!" என்பீர்கள். வாஸ்தவம்தான். 2011-இல் நடிகர் விஜயகாந்த் அங்கே நின்று ஜெயித்ததிலிருந்து சென்னைவாசிகளுக்கும் அந்தப் பெயர் பரிச்சயமாகிவிட்டது. ஊர் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. ரிஷிகள் வந்து வந்தனம் செய்த இடமானதால் ரிஷிவந்தியம் என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிறது. அம்பாள் பெயர் முத்தாம்பிகை. லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது, அந்தத் தேன் வழிகிற வேளையில், ஸ்வாமியும் அம்பாளும் ஓருருவாகத் தெரிவார்கள் என்பது நம்பிக்கை.

இந்தத் தேன் அபிஷேகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு வருஷமாக "சீக்கிரம் போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் கள்ளக்குறிச்சியில் போய் இறங்கினோம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான பிறகு அந்த ஊருக்கு ஒரு புது மிடுக்கு வந்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது அல்லவா? எனக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கினேன். அதில் என் மனைவிக்கு ஏற்பட்ட திருப்தியை எழுத்தில் வடிக்க முடியாது.

தியாகதுருகத்து மலைக்கோட்டையைக் கடந்து பஸ் கிராமத்துச் சாலையில் திரும்பியது. இரண்டு பக்கமும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். ஒரு திருப்பத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதன் முதுகில் வெள்ளைச் சுண்ணாம்பில் முழ உயர எழுத்துக்கள்: "இயேசு சீக்கிரம் வருகிறார்."

நீங்களும் எத்தனையோ இடங்களில் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதை ஓரத்து மதில்களில், குன்றுகளில், பாழடைந்த பம்ப் செட்டுச் சுவர்களில்! நான் ஆயிரம் தடவை பார்த்தும் யோசித்ததில்லை. என் மனைவி யோசித்தாள்.

"சீக்கிரம் என்றால் எப்போது?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் என்றால் சீக்கிரம்தான்."

"ஆபீசிலிருந்து போன் செய்து நீங்கள் சொல்கிற 'சீக்கிரம்' மாதிரியா?"

பத்திரிகைக்காரன் பதில் தெரியாத இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது சம்பிரதாயம். நானும் பார்த்தேன்.

கோயிலில் தேன் அபிஷேகம் வாய்த்தது. தேன் வழிந்த அந்த நிமிஷத்தில் நான் கண்டது பளபளக்கும் கல்லைத்தான். பக்கத்தில் நின்ற என் மனைவியோ இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தாள். அவள் என்ன கண்டாள் என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்கக் கூடாது.

மாலை மூன்றரை மணிக்குத் திரும்புகிற பஸ். அதே பாறை. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. கரும்பு லாரி ஒன்று சாலையில் குறுக்காகச் சாய்ந்து, பாதிக் கரும்பு தார் ரோட்டில் கிடந்தது. டிரைவர் இறங்கினார். கண்டக்டர் இறங்கினார். பிறகு எல்லா ஆண்பிள்ளைகளும் இறங்கி யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் மட்டும் யோசனை எதுவும் இல்லாததால் உள்ளேயே இருந்தேன்.

"காலையில் கேட்டேனே, பதில் வரவில்லையே?" என்று பாறையைக் காட்டினாள் என் மனைவி.

முன் ஸீட்டில் இருந்த ஒரு வயதான அம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் புடவை. காதில், கழுத்தில், மூக்கில் ஒன்றும் கிடையாது. விதவைக் கோலம் என்று நினைத்துவிடாதீர்கள். நகை அணிவதில்லை என்பது பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றின் வழக்கம். ரொட்டிக் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் திரும்புகிறாரா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கும் தெரியாது கண்ணு. தேவதூதருக்கே தெரியாதுன்னு வேதத்திலே இருக்கு" என்றாள். "மணி என்ன ஆச்சு?"

"மூணே முக்கால், பாட்டி."

"நாலரைக்குள்ள நான் வீட்டிலே இருக்கணுமே! பேத்தி ஸ்கூல் விட்டு வந்துடுவா. மகனும் மருமகளும் கரும்பு வெட்டப் போயிருக்காங்க."

"பக்கத்து வீட்டில் இருக்க மாட்டாளா?"

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். அதை அவள் வார்த்தையிலேயே கேளுங்கள்:

"எனக்கு அப்போ ஏழு வயசு. முந்தின ராத்திரி சபையிலே பிரசங்கம். ஆண்டவர் திருடன் மாதிரி வருவாரு, எக்காளம் ஊதும், பரிசுத்தவான்கள் எல்லாம் ஒரு நொடியிலே மேலே போயிடுவாங்க, மத்தவங்க இங்கேயே நின்னுடுவாங்கன்னு ஐயர் சொன்னாரு. மறுநாள் ஆட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றேன். கதவு திறந்து கிடக்கு. அடுப்பிலே களி கொதிக்குது. அம்மா இல்லே. அண்ணன் இல்லே. 'அம்மா'ங்கறேன், சத்தமே இல்லே. தெருவிலே எட்டிப் பார்த்தா அங்கேயும் ஒருத்தரும் இல்லே. எல்லாரும் போயிட்டாங்க, நான்தான் பாவின்னு புரிஞ்சு போச்சு. முந்தா நாள் வெல்லம் திருடித் தின்னது ஞாபகம் வந்துச்சு. அழுதுகிட்டே அடுப்புகிட்டே உட்கார்ந்து களியைக் கிண்டிக்கிட்டிருந்தேன். அடிப்பிடிச்சா அம்மா திட்டுவாளே!"

"அப்புறம்?" என்றாள் என் மனைவி. குரல் கம்மியிருந்தது.

"அப்புறம் என்ன? ஒரு கன்னுக்குட்டி கிணத்திலே விழுந்துடுச்சாம். தெருவே அங்கே போயிருந்துச்சு. அம்மா வந்து, களி நல்லா வெந்திருக்குன்னா. நான் ஒருத்தர்கிட்டேயும் சொல்லலே. இன்னைக்கும் வீட்டுக்குள்ளே நுழைஞ்சு கூப்பிட்டு, பதில் வரலேன்னா நெஞ்சு ஒரு தரம் நின்னுதான் ஓடும்."

நேயர்களே, அந்த அரை மணி நேரத்தில் அவள் சொன்னதும், ஊர் திரும்பிப் புத்தகங்களில் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இயேசுநாதர் திரும்ப வருவார், இறந்தோருக்கும் இருப்போருக்கும் நியாயம் தீர்ப்பார் என்பது கத்தோலிக்கர் முதல் எல்லாப் பழைய சபைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. இந்தப் பக்கத்தில் திருக்கோவிலூர் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே டேனிஷ் மிஷன்காரர்கள் வந்து ஊழியம் செய்தார்கள். அதன் வாரிசுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அந்தக் கோயிலிலும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இந்த வருகையைச் சொல்வார்கள். ஆனால் பாட்டியின் ஏழு வயதுப் பயம் அங்கே கிடையாது. இறுதி நாளுக்கு முன் நல்லவர்களுக்கென்று பூமியில் தனி ராஜ்யம் அமையும் என்ற போதனையை லுத்தரன்கள் 1530-இல், தங்கள் ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே தள்ளிவிட்டார்கள்.

பாட்டி சொன்னது வேறு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை "இரகசிய வருகை" என்பார்கள். அதாவது வருகை ஒன்றல்ல, இரண்டு கட்டம். முதலில் ஆகாயம் வரையில் மட்டும் வந்து, உண்மையான விசுவாசிகளைத் தம்மிடம் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு பூமியில் ஏழு வருஷம் உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. பிறகுதான் எல்லாரும் காணப் "பகிரங்க வருகை", ஆயிர வருஷ அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பு. இரண்டு பெண்கள் திரிகை அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள் என்று மத்தேயு சுவிசேஷத்தில் வருகிறதே, அதை இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். மாவு அரைக்கிற இடத்தில் ஒருத்தி மறைந்துபோனால் மற்றவளுக்கு எப்படி இருக்கும்! கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டு கட்டக் கணக்கு இருநூறு வருஷத்துக்கு முன் அநேகமாக யாரும் கேள்விப்படாதது. அதை ஒரு போதனையாக வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1800-இல் பிறந்தவர். அயர்லாந்தில் குருவாக இருந்து, சபையை விட்டு விலகி, "சகோதரர்கள்" என்று பெயர் பெற்ற கூட்டத்துக்குத் தலைவர்களில் ஒருவரானார். 1830-களின் ஆரம்பத்தில் பவர்ஸ்கோர்ட் சீமாட்டி என்ற இளம் விதவை தன் மாளிகையில் தீர்க்கதரிசன மகாநாடுகளை நடத்தினாள். அங்கேதான் டார்பியும் மற்றவர்களும் நாள் கணக்கில் உட்கார்ந்து கடைசிக் காலத்தைப் பற்றி விவாதித்தார்கள். சீமாட்டிக்கும் டார்பிக்கும் கல்யாணம் வரையில் பேச்சு வந்து நின்றுபோயிற்று என்றும் சொல்வார்கள். அவர் கடைசி வரையில் பிரம்மசாரியாகவே இருந்து 1882-இல் காலமானார். உலகம் முடியப் போகிறது என்று எண்ணுகிறவனுக்குக் கல்யாணம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ!

டார்பியின் நண்பர்களில் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்று ஒரு பல் வைத்தியர். எக்ஸிட்டர் நகரத்தில் நல்ல வருமானம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829-இல் குடும்பத்துடன் பாக்தாத் போனார். 1831-இல் அங்கே கொள்ளை நோய் வந்தது. மனைவி மேரியைப் பறிகொடுத்தார். 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கேதான் நம் கதை தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் 1810-இல் பிறந்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். குரோவ்ஸைச் சந்தித்தவர் அவருடன் பிரயாணம் செய்தார். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்ற எதிர்பார்ப்பு அவரையும் பற்றிக்கொண்டது. மிஷன் சம்பளம் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு செய்ததுதான் வேடிக்கை. சீக்கிரம் வருகிறார் என்று நம்பிய அந்த மனிதர், 1840-இல் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு குடியேற்றத்தையே உண்டாக்கினார்! உழுது பயிரிட்டுத் தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதிக்கிற விவசாய ஊர். குரோவ்ஸும் அப்படித்தான். சித்தூரில் பட்டுப்பூச்சி வளர்த்துப் பிழைக்கப் பார்த்தார். அது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1860-இல் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் நடுங்கினார்கள், தங்கள் பாவங்களைச் சொல்லிக் கதறினார்கள், தரிசனம் கண்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பெண்களும் சிறுமிகளும்கூடச் சபை நடுவில் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் தலையெடுக்க இன்னும் நாற்பது வருஷம் இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரப் பாதிரிமார் சிலர் முகம் சுளித்தார்கள். அருளப்பன் 1867-இல் காலமானார். அவர் எந்தத் தேதியும் குறித்துக் கொடுக்கவில்லை.

தேதி குறித்தவர்கள் திருவாங்கூரில் இருந்தார்கள். அருளப்பன் மூட்டிய தீ அங்கே பரவி, 1870-களில் பெரிய எழுப்புதலாயிற்று. அதன் நடுவில் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861-இல் சகோதரர்களுடன் கிறிஸ்தவரானவர். வித்துவான், பாடகர். "வித்துவான் குட்டி" என்றே அவரை அழைப்பார்கள். அவர் கூட்டத்தில் 1875-இல் ஒரு தீர்க்கதரிசனம் பிறந்தது: இன்னும் ஆறே வருஷம், 1881-இல் கிறிஸ்து வருகிறார்!

ஆறு வருஷம் காத்திருந்தார்கள். 1881 வந்தது, போயிற்று. பலர் தலை குனிந்து பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். சிலர், வருகை கண்ணுக்குத் தெரியாத விதத்தில் நடந்துதான் இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். "யுயோமயம்" என்று தனிச் சபை ஏற்பட்டது. யுஸ்துஸ் யோசேப்பு 1887-இல் இறந்தார். அவருடைய மலையாளக் கீர்த்தனைகளை மட்டும், அவர் தேதியை நம்பாத சபைகளும் இன்று வரையில் பாடிக்கொண்டிருக்கின்றன.

சிரிக்காதீர்கள். தேதி குறிப்பது திருவாங்கூரோடு முடிந்த வியாதி அல்ல. 1844 அக்டோபர் 22-இல் அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் விடிய விடிய வானத்தைப் பார்த்திருந்தார்கள். தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு பாதிரியார் சொன்னார். அதை நம்பி வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அந்தப் பாதிரியாரோ அந்தத் தேதிக்கு அப்புறம் முதிர்வடையும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக் குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனார். நம்முடைய யோக்கியதை மட்டும் என்ன? 1962 பிப்ரவரியில் அஷ்டகிரகக் கூட்டு, உலகம் அழியப் போகிறது என்று தேசமெங்கும் யாகம் நடத்தவில்லையா? 1979-இல் ஸ்கைலாப் தலையில் விழும் என்று, இருக்கிற கோழியை எல்லாம் அடித்துத் தின்ற கதையை என் அத்தை இன்னமும் சொல்வாள். ஸ்கைலாப் ஜூலை 11-ஆம் தேதி இந்துமகா சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. கோழிகள் திரும்பி வரவில்லை.

தமிழ்க் கிராமங்களில் இரகசிய வருகையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்த பெந்தெகொஸ்தே ஊழியர்கள்தான். 1920-களில் கொழும்பில் ராமன்குட்டி என்ற பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் அவற்றில் ஒன்று. ஊழியர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, வெள்ளை உடைதான். அதைப் போல எத்தனையோ சிறிய சபைகள், கூரைக் கொட்டகையில் ஒரு மேளத்துடன் ஆரம்பித்தவை. மற்றவர்கள் எட்டிப் பார்க்காத தெருக்களுக்கு அவர்கள் போனார்கள். குடிகாரப் புருஷர்கள் குடியை விட்டார்கள். பெண்கள் நாலு பேர் நடுவில் எழுந்து வாய்விட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். பயமும் அந்தக் கொட்டகையில்தான் கிடைத்தது. தைரியமும் அங்கேதான் கிடைத்தது.

படித்ததில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. இந்த நம்பிக்கைக்கெல்லாம் மூல வாக்கியம் பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.பி. 50-ஐ ஒட்டி எழுதியது. அங்கே வருகிற வினைச்சொல்லுக்குப் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி சட்டென்று பறித்துக்கொள்வது என்று அர்த்தம். ஆனால் அதை எழுதிய சந்தர்ப்பம் என்ன தெரியுமா? அந்த ஊர் விசுவாசிகள் சிலரது வீட்டில் மனிதர்கள் இறந்துபோயிருந்தார்கள். "ஆண்டவர் வருவதற்குள் போய்விட்டார்களே, இனி அவர்கள் கதி என்ன? நாம் மட்டும் இருந்து அவர்கள் விட்டுப்போய்விடுவார்களோ?" என்று அவர்கள் தவித்தார்கள். இல்லை, முதலில் எழுந்திருப்பவர்களே அவர்கள்தான். அதற்குப் பின் நீங்களும் அவர்களும் ஒன்றாகவே போவீர்கள் என்று பவுல் பதில் எழுதினார். இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடித்தார். யாரும் யாரையும் விட்டுப் பிரியப் போவதில்லை என்று துக்க வீட்டுக்கு எழுதிய கடிதம் அது. அதுவே சுற்றிச் சுற்றி வந்து, ஏழு வயதுக் குழந்தையைக் களிப் பானைக்கு முன்னால் தனியே உட்கார வைத்துவிட்டது.

இதையெல்லாம் அன்று பஸ்ஸில் நான் அறியேன். என் மனைவிதான் கேட்டாள்: "பாட்டி, இவ்வளவு பயந்த அப்புறமும் அந்தச் சபைக்கே போகிறீர்களே?"

"ஆண்டவர் மேலே எனக்கு என்ன கண்ணு பயம்? அவர் வரட்டும், நல்லா வரட்டும். என் புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அவர் வந்தாத்தானே நான் அவரைப் பார்க்கலாம்? பயமெல்லாம் திறந்து கிடக்கிற வீட்டைப் பார்த்துத்தான்."

"பேத்திக்கும் இரகசிய வருகை எல்லாம் சொல்லியிருக்கிறீர்களா?"

"ஞாயித்துக்கிழமைப் பள்ளியிலே சொல்லிக் குடுத்துட்டாங்க. நான் வேண்டாம்னா நின்னுடுமா? அதுதான் அவ வர்றதுக்கு முன்னே நான் போய் உட்கார்ந்துடுவேன். மணி என்ன ஆச்சு?"

நாலே கால்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நானும் இறங்கிப்போய்க் கரும்புக் கட்டுக்களை ஓரம் தள்ள வேண்டியதாயிற்று. இருபது பேர் ஆளுக்கொரு கட்டாக இழுத்தோம். சட்டையெல்லாம் சோகை கிழித்தது. ஒரு வண்டி போகிற அகலம் கிடைத்ததும் டிரைவர் தாவி ஏறினார். பஸ் அந்தப் பாறையைக் கடந்தபோது நாலரைக்கு ஐந்து நிமிஷம்.

இரண்டு கிலோமீட்டரில் ஒரு புளியமரத்தடி நிறுத்தம். கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்பே பாட்டி படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி ரொட்டிப் பையை எடுத்துக் கொடுத்தாள். "வர்றேன் கண்ணு" என்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே போகிற மண் பாதையில், அந்த வயதுக்கு அது ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். பஸ் கிளம்பிவிட்டது. வீடு எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் குரல் மட்டும் கேட்டது. வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்ததோ, இங்கிருந்தே அவள் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்:

"பாப்பா! ஆயா வந்துட்டேன்! ஆயா வந்துட்டேன்!"